உனக்காக நான் உண்டாக்கிய அப்பா

அன்புள்ள தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நாலு தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் நீ "சொல்லும்மா" என்றதும், மாலை கட்டுபவர் பற்றியோ சமையல்காரர் பற்றியோ ஏதாவது பேசிவிட்டு வைத்துவிட்டேன். உனக்கே சந்தேகம் வந்திருக்கும், அம்மா ஏன் சாம்பாரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாள் என்று. அதனால் எழுதுகிறேன். படிக்கும்போது பாதியில் கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா. வந்து மீதியையும் படி. படித்து முடித்ததும் கயல்விழியிடம் கொடு. உனக்கு மனைவியாக வரப் போகிறவளுக்கு இந்த வீட்டில் தெரியாதது என்று ஒன்று இருக்க வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா தொட்டியத்திலிருந்து வந்திருந்தது உனக்குத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னோடு பேசினோம். பாத பூஜைக்கு யார் உட்காருவது என்ற பேச்சை அவர்தான் எடுத்தார். தயங்கித் தயங்கித்தான் எடுத்தார், பாவம். கணவன் இல்லாத நான் மேடையில் உட்கார்ந்தால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், தானும் பெரியம்மாவும் உட்கார்ந்துகொள்கிறோம், அதுதானே வழக்கம் என்றார். நான் சரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீ சொன்னாய். "அம்மாதான் உட்காருவாங்க பெரியப்பா. பக்கத்து நாற்காலியில அப்பா போட்டோவை வைப்போம். அம்மா காலைக் கழுவாம நான் தாலி கட்ட மாட்டேன்." பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடுத்து வைத்தவள் நீ என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் அன்றைக்குத் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்திருப்பாள். நான் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கையால் என் காலில் தண்ணீர் ஊற்ற விட என்னால் முடியாது. அப்பா போன சமயத்தில் நடந்ததை நான் உன்னிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். ஆறு வருஷமாக அதை அப்படியே வைத்திருக்கிறேன். நிஜத்தைத் தெரிந்துகொண்ட பிறகும் நீ அதே வார்த்தையைச் சொன்னால் உட்காருகிறேன். இல்லையென்றால் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காரட்டும். இந்தக் கடிதத்தால் உன்னை நான் இழந்துவிடலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

இதை எழுதவைத்தது உன் பேச்சு மட்டுமில்லை. செவ்வாய்க்கிழமை என் கம்ப்யூட்டர் சென்டர் வகுப்பில் ஒன்று நடந்தது. இப்போது ஜாவா படிக்க வருகிற குழுவில் மணப்பாறையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஓடி வருவாள். வீட்டில் முறுக்கு போடுகிறார்கள். கிளாஸ் என்றால் என்ன, ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று நான் கால் மணி நேரம் விளக்கியதை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "கிளாஸ் முறுக்கு அச்சு மேடம், ஆப்ஜெக்ட் அதுல பிழியற முறுக்கு." இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை பார்.

அதே பெண்தான் அன்றைக்கு எல்லோரும் செய்கிற அந்தத் தப்பைச் செய்தாள். ஒரு கிளாஸில் ஒரு ஆப்ஜெக்டை உண்டாக்கி, ஒரு மாணவியின் மதிப்பெண்களையெல்லாம் அதன் உள்ளே போட்டாள். இன்னொரு கிளாஸிலிருந்து அதை எடுத்துக் காட்ட வேண்டும். அங்கே போய், அதே அச்சை வைத்து 'நியூ' என்று போட்டுப் புதிதாக ஒரு ஆப்ஜெக்டை உண்டாக்கினாள். ஓடவிட்டால் திரையில் வரிசையாகப் பூஜ்யம். "நான்தான் எல்லாம் நிரப்பினேனே மேடம், ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டாள். நான் வழக்கம்போலப் பதில் சொன்னேன். நீங்கள் நிரப்பியது வேறு, இங்கே காட்டுவது வேறு. இது நீங்கள் இப்போது புதிதாக உண்டாக்கியது. அச்சு ஒன்றுதான் என்பதால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதற்கு நடந்தது எதுவும் இதற்குத் தெரியாது. ஏற்கெனவே இருப்பதையே கொண்டுவந்து கொடுக்க வேண்டும், புதிதாகச் செய்யக் கூடாது. இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய் மாடிப்படியில் நின்று அழுதேன்.

இந்தத் தப்பை நீ செய்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கல்லூரியில் இரண்டாம் வருஷம். மலைக்கோட்டைக்குக் கீழே அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு, எந்தச் சேலை எத்தனை இருக்கிறது என்று காட்ட ஒரு புரோகிராம் எழுதினாய். கடை விடுமுறை நாளில் அப்பாவை என் சென்டருக்கே கூட்டி வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாய். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி, சுங்குடி நாற்பது, கைத்தறி அறுபது என்று அடித்தார். பிறகு நீ பட்டனை அழுத்தினாய். எல்லாம் பூஜ்யம். அப்பா திரையையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து தான் அடுக்கிய சேலையெல்லாம் எங்கே போனது, போலீஸில் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். நீ முகம் சிவந்துபோய் என்னைக் கூப்பிட்டாய்.

நான் வருவதற்குள் நீயே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாய். எண்ணை வைத்திருக்கும் எல்லா வேரியபிளுக்கும் முன்னால் 'ஸ்டாட்டிக்' என்று போட்டு வைத்திருந்தாய். அப்படிப் போட்டால் ஆளுக்கொன்று என்பது போய், எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று ஆகிவிடும். எண்கள் சரியாக வந்தன. நீ வெற்றி வீரனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பொதுவில் வைத்தால் யார் வேண்டுமானாலும் கை வைப்பார்கள், தப்பு வந்தால் யார் மாற்றியது என்றே தெரியாது என்று அப்பா முன்னாலேயே உன்னைத் திட்டினேன். எது யாருக்குத் தேவையோ அதை அவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்றேன். நிரப்பி வைத்த அந்த ஆப்ஜெக்டையே அடுத்த கிளாஸுக்குக் கொடுக்கும்படி மாற்றி எழுதவைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "புதுசா செய்யாதே, இருக்கறதையே குடுன்னு சொல்றா உங்கம்மா. இதுக்கு இவ்வளவு இங்கிலீஷா?" என்றார். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் டைப்பிங் வகுப்பு நின்றுபோனது.

உனக்குப் புனேயில் வேலை கிடைத்தது மாசியில். பங்குனியில் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதுகு வலிக்கிறது என்றார். நாள் முழுக்க நின்று சேலை எடுத்துப் போடுகிற ஆளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நானும் தைலம் தேய்த்துவிட்டேன். கண் மஞ்சளாக ஆனபிறகுதான் டாக்டரிடம் போனோம். கணையத்தில் கட்டி, பரவிவிட்டது என்றார் டாக்டர். சில மாதங்கள் என்றுதான் சொன்னார், எண்ணிக்கை சொல்லவில்லை. அப்பாவுக்கு முன்னாலேயேதான் சொன்னார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது அப்பா சொன்ன முதல் வார்த்தை உன்னைப் பற்றியது. "தம்பிகிட்ட சொல்லிடு. ஒரு தடவை வந்து என்கூட இருந்துட்டுப் போகட்டும்."

அப்பாதான் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தார் என்று நான் உன்னிடம் சொன்னேன் இல்லையா? அது பொய். அவர் முதலில் கேட்டதே உன்னிடம் சொல்லச் சொல்லித்தான். அவர் ஒரு நாளும் தடுக்கவில்லை.

தடுத்தது நான். அன்று மாலையே நீ போன் செய்தாய். அப்பாவுக்கு என்ன என்று கேட்டாய். வயிற்றுப்புண், மருந்து கொடுத்திருக்கிறார்கள், காரம் சேர்க்கக் கூடாதாம் என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கு. அடுத்த நாள் இரண்டு இட்லி சாப்பிட்டார் என்றேன். அதற்கடுத்த நாள் கடைக்குப் போனார் என்றேன். ஒரு நாள் ஆற்றங்கரை அம்மா மண்டபம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தார் என்றுகூடச் சொன்னேன். அப்போது அவரால் குளியலறை வரைக்கும் தனியாக நடக்க முடியாது. நான் உன்னிடம் பேசியது என் புருஷனைப் பற்றி இல்லை, தம்பி. உன் ஒவ்வொரு போனுக்கும் உனக்கென்று புதிதாக ஒரு அப்பாவை உண்டாக்கினேன். அதே பெயர், அதே குரல், அதே ஜவுளிக்கடை. வலி மட்டும் பூஜ்யம். பக்கத்து அறையில் படுத்திருந்தவருக்கு நடந்தது எதுவும் அந்த அப்பாவுக்கு நடக்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். எனக்கு இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று கேட்க நன்றாக இருக்கும், இன்னொன்று இருக்காது. நான் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தந்தி மாதிரி ஒரு ஆள் வந்து, கையோடு என்னை விடுதியிலிருந்து கூட்டிப் போனார். நான் திரும்பிப் போகவே இல்லை. கல்யாணம் ஆகி, நீ பிறந்து, அதற்கப்புறம் தபால் வழியில்தான் மீதியைப் படித்தேன். உனக்கு அப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன். ஆறு மாதம் பயிற்சிக் காலம், அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம், நடுவில் லீவு போட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று நீதான் சொல்லியிருந்தாய். ஆவணி வந்தால் முடிந்துவிடும். அதுவரைக்கும் அப்பா இருப்பார் என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன். டாக்டர் சொல்லாத தேதியை நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அது முதல் பதில். இரண்டாவது இது. இந்த வீட்டில் எல்லாம் என் வழியாகத்தான் போகும். உனக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தால் அப்பாவுக்கு எப்போது சொல்வது என்று நான்தான் முடிவு செய்வேன். அப்பாவுக்குக் கடையில் மனக்கசப்பு என்றால் உனக்கு எவ்வளவு சொல்வது என்றும் நானே. வகுப்பில் நான் பெருமையாகச் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. வேரியபிளைப் பூட்டி உள்ளே வை, வெளியிலிருந்து யாரும் நேராகத் தொடக் கூடாது, வேண்டியவர்கள் ஒரு மெத்தட் மூலமாகக் கேட்கட்டும், அது பதில் கொடுக்கட்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் கேட்பவருக்குக் கிடைப்பது அந்த மெத்தட் கொடுக்கிற பதில் மட்டும்தான். உள்ளே இருப்பதும் அதுதானா என்று அவரால் எட்டிப் பார்க்க முடியாது. உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் அப்படி நான் உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இனிமேல் எழுதப் போவது யாருக்குமே தெரியாதது.

சித்திரை முழுக்க அப்பா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னியா, எப்ப வரான் என்று. நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று ஓட்டினேன். வைகாசியில் ஒரு நாள், நீ சொல்லவில்லையென்றால் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று போனைக் கையில் எடுத்தார். நான் போனை வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, "நேத்தே சொல்லிட்டேங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரொம்ப அழுதான். லீவு கேட்டிருக்கான், குடுக்க மாட்டேங்கறாங்களாம்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தெரிஞ்சிடுச்சா அவனுக்கு என்று மட்டும் கேட்டார். தெரிந்துவிட்டது என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்துவிட்டு, நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் கஞ்சி வைக்கப் போனேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நீ அவரோடு பேசினாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்ன நடக்கப் போகிறதோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததுதான் கொடுமை. நீ புனேயில் மழை ஆரம்பித்துவிட்டது என்றாய். கேன்டீன் சப்பாத்தி அட்டை மாதிரி இருக்கிறது என்றாய். வயிறு எப்படிப்பா இருக்கு என்று கேட்டாய். இருக்குடா தம்பி என்றார். உனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நினைப்பு. நீயாக எடுப்பாய் என்று காத்திருந்தார். உனக்குத் தெரிந்ததெல்லாம் வயிற்றுப்புண். நீ அதற்கு ஏற்ற மாதிரிப் பேசினாய். கடைசியில், "எல்லாம் சரியாயிடும்பா. தீபாவளிக்கு வந்து பத்து நாள் இருப்பேன்" என்று சொல்லி வைத்தாய்.

அவர் போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "தீபாவளிக்கு வரானாம்" என்றார். தான் தீபாவளி வரை இருக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அது உனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்தும் மகன் இப்படிச் சொல்கிறான் என்றால் அவர் என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பார், நீயே யோசித்துப் பார். அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லைங்க, அவனுக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்லவே இல்லை என்று ஒரு வரி. அதைச் சொன்னால் நான் சொன்ன பொய் வெளியே வந்துவிடும். நான் வெந்நீர் போட எழுந்து போனேன்.

அதற்குப் பிறகு அவர் உன்னைக் கேட்பது குறைந்தது. நீ கூப்பிடும்போது தூங்குகிறார் என்று நான் சொன்ன நாட்களில் பாதி நாள் அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். பேசறீங்களா என்று கேட்பேன். வேண்டாம், அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்பார். உன்னால் அதைப் பேச முடியவில்லை, அதனால்தான் மழையையும் சப்பாத்தியையும் பேசுகிறாய் என்று தனக்குத்தானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். உன்னை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஆடியில், ஆவணிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது, காலை ஆறு மணிக்கு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன், உடனே கிளம்பி வா என்று. நீ எப்படியோ விமானம் பிடித்துச் சென்னை வந்து, அங்கிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தாய். வாசலில் பந்தல் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் உனக்குத் தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அவரைப் பார்த்தாய். அந்த உடம்பைப் பார்த்ததும் உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வயிற்றுப்புண்ணில் ஒரு மனுஷன் அப்படி ஆக மாட்டான். "ஏம்மா எனக்குச் சொல்லல?" என்று கேட்டாய். சுற்றி அவ்வளவு பேர் நின்றார்கள். பெரியப்பாவும் என்னைத்தான் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. "அப்பாதான் சொல்ல வேண்டாம்னாருப்பா" என்றேன். செத்தவர் எழுந்து மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியத்தில்தான் சொன்னேன், வேறென்ன.

நீ அதை நம்பினாய். நம்பி, அவர் மேல் கோபப்பட்டாய். முதல் திவசத்தன்று படத்துக்கு முன்னால் நின்று, என்னை இவ்வளவு வேற்று ஆளாக நினைத்துவிட்டாரே என்று நீ பெரியப்பாவிடம் சொன்னது சமையலறையில் எனக்குக் கேட்டது. அப்பா பேச்சை எடுத்தாலே நீ எழுந்து போய்விடுகிறாய் என்று கயல்விழி என்னிடம் ஒரு தடவை வருத்தப்பட்டாள். என்னிடம் மட்டும் நீ முன்பைவிடப் பாசமாகிவிட்டாய். தனியாகப் பாரம் சுமந்தாயே என்று என் கையைப் பிடித்துக்கொள்வாய். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைப்பேன். நாளாக ஆக, சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போனது. இல்லாத குற்றத்துக்காக அவர் உன் கோபத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சேர வேண்டிய மரியாதையும் சேர்ந்து எனக்கு வந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் பாத பூஜை வேறு.

நீயும் கயல்விழியும் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள், படித்தவர்கள். உங்களுக்கு நான் புத்தி சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். கெட்ட செய்தி வரும், எல்லா வீட்டுக்கும் வரும். அது வந்தபடியே அவளிடம் கொடு. அவள் தாங்குவாளா, இப்போது சொல்லலாமா, கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமா என்று நீ யோசிக்க ஆரம்பித்தால், அந்த இடத்தில் நிறுத்திக்கொள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், அன்பில்தான் ஆரம்பித்தேன். நாளைக்கு உங்கள் பிள்ளை உன்னைப் பற்றி அவளிடம் கேட்காமல் உன்னிடமே நேராக வந்து கேட்கும்படி வளர்த்துவிடுங்கள். நடுவில் யாரையும் உட்காரவைக்காதீர்கள், அது அம்மாவாகவே இருந்தாலும்.

பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தாகிவிட்டது, அதில் மாற்ற ஒன்றுமில்லை. மேடையில் யார் என்பதை மட்டும் நீ முடிவு செய். பெரியப்பாவும் பெரியம்மாவும் என்றால், அவர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன், காரணத்தையும் நானே சொல்கிறேன், பெரியப்பாவிடமும் நான் பொய்தான் சொல்லியிருக்கிறேன். நான் கூட்டத்தோடு உட்கார்ந்து அட்சதை போடுகிறேன். வரவே வேண்டாம் என்றால் அதையும் சொல், வீட்டிலிருந்தே உங்களை நினைத்துக்கொள்கிறேன். உடனே சொல்ல வேண்டும் என்றில்லை. ஆற அமர யோசித்துச் சொல். என்னைத் திட்ட வேண்டும் என்றால் போனிலேயே திட்டு, வைத்துவிட மாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இது என்னுடையது இல்லை, அப்பாவுடையது. இதை உன்னிடம் சொன்னால் மற்ற எல்லாமும் வெளியே வரும் என்பதால் இத்தனை வருஷம் என்னிடமே தங்கிவிட்டது. அவர் போவதற்கு நாலு நாள் முன்னால் ஆடிப்பெருக்கு. ஆற்றுக்குப் போகிற கூட்டம் காலையிலிருந்து வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னார். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "தம்பி வரலைன்னு நீ மனசுல வச்சுக்காதே. அவனால என்னை இப்படிப் பார்க்க முடியாது, சின்னப் புள்ளையிலயே ரத்தத்தைப் பார்த்தா மயங்கிடுவான். நாளைக்கு அவனுக்கு ஒரு நல்லது நடக்கறப்ப, அப்பாவைப் பார்க்க வராம இருந்துட்டோமேன்னு கூனிக் குறுகி நிக்கக் கூடாது. அப்பாவுக்கு உன் மேல கோவம் இல்லைன்னு நான் சொன்னேன்னு சொல்லிடு."

சொல்லிவிட்டேன், தம்பி. அவர் யார் மேல் கோபப்பட்டிருக்க வேண்டுமோ, அந்த நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சரிங்க என்று தலையாட்டினேன்.

அம்மா